குண்டு இடம் காட்டும், பிடித்து வைக்காது

(சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



ஒரு சின்னச் சாமானைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஸ்பிரிங் பிளஞ்சர். மரை போட்ட ஒரு குழல், அதற்குள் ஒரு சுருள்வில், அதன் முனையில் ஒரு பின் அல்லது ஒரு குண்டு. அழுத்தினால் உள்ளே போகும், விட்டால் வெளியே வரும். அவ்வளவுதான். காரில் கியர் மாற்றும்போது கையில் ஒரு 'கிளிக்' தெரிகிறதே, அதற்கும் உள்ளே ஒரு குண்டும் ஸ்பிரிங்கும்தான் காரணம்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், ஒரு பிளேஞ்சில் 60 டிகிரிக்கு ஒன்றாக 6 துளை போட ஃபிக்ஸ்சர் வரைந்தேன். தட்டைத் திருப்பினால் ஒவ்வொரு நிலையிலும் பால் பிளஞ்சரின் குண்டு குழியில் 'டக்'கென்று உட்காரும். தட்டைப் பூட்ட வேறு எதுவும் வைக்கவில்லை. டிரில் அடிப்பக்கம் துளைத்து வெளியே வரும் நேரத்தில் ஜாபைக் கவ்வி இழுக்கும் இல்லையா? தட்டு நகர்ந்துவிட்டது. முதல் ஷிப்டில் போட்டதெல்லாம் ஸ்கிராப். இன்னும் கெட்டியான ஸ்பிரிங் போட்டேன். குழி தேய்ந்ததும் ஆபரேட்டருக்குக் கை வலித்ததும்தான் மிச்சம். கடைசியில் அவரே சொன்னார்: "சார், குண்டு இடத்தைக் காட்டுமுங்க, பிடிச்சு வைக்காதுங்க."

யோசித்துப் பார்த்தேன். குண்டு குழியைத் தொடும் இடம் சரிவு. பக்கவாட்டில் தள்ளினால் அந்தச் சரிவே குண்டை உள்ளே தள்ளிவிடும். எவ்வளவு கெட்டியான ஸ்பிரிங்கும் அதைவிடப் பெரிய விசைக்கு விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். இண்டெக்ஸிங் பிளஞ்சர் அப்படியல்ல. நேரான உருளைப் பின் புஷ்ஷுக்குள் இறங்கி நிற்கும். குமிழைப் பிடித்துக் கையால் இழுத்தால்தான் வெளியே வரும். இழுத்துத் திருப்பினால் வெளியிலேயே நிற்கும் வகையும் உண்டு. அதை மாட்டி, தட்டை இறுக்க ஒரு கிளாம்பும் சேர்த்தேன். தொல்லை தீர்ந்தது.

அப்படியானால் மற்றவை வீணா? இல்லை. அடிக்கடி திருப்பி நிறுத்தும் இடத்துக்குக் குண்டுதான் சரி. எண்ணெய்ப் பசையில் அப்பிக்கொள்ளும் ஜாபை எழுப்பிவிட, ஓட்டம் அதிகமுள்ள பின் வகை உதவும். கிளாம்ப் இறுக்கும் முன் ஜாபை லொக்கேட்டர்களோடு ஒட்டி நிறுத்தப் பக்கவாட்டுப் பிளஞ்சர் இருக்கிறது. நாம் வகுப்பில் படித்த 3-2-1 முறையில் ஆறு புள்ளியிலும் ஜாப் படிய வேண்டுமே, அதற்கு இது கூடுதல் கை மாதிரி. பரப்பில் கீறல் விழாமலிருக்க பிளாஸ்டிக் முனையும் கிடைக்கும். ஆனால் வெட்டு விசையைத் தாங்குவது இந்த ஸ்பிரிங்குகளின் வேலையல்ல. அது கிளாம்பின் வேலை.

தம்பி தங்கைகளே, கேட்டலாக்கைத் திறக்கும் முன் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இது இடம் காட்டவா, தள்ளவா, பூட்டவா? பிறகு ஓட்டத்தின் தொடக்கத்தில் எத்தனை நியூட்டன், முடிவில் எத்தனை நியூட்டன் என்று இரண்டையும் பாருங்கள். வரைபடத்தை அனுப்பும் முன் மெஷினில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் அன்றைக்குக் கேட்காமல் விட்டது அதைத்தான்.