பேசாப் பிள்ளையும் பெரியோர் கடமையும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இம்மேடையில் ஆண்டுதோறும் தமிழின் தொன்மை பற்றியும் புலவர்தம் பெருமை பற்றியும் அறிஞர்கள் உரையாற்றக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். மெட்ரிகுலேஷன் வரை பயின்று, ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தாவாகக் காலம் கழிக்கும் நம்மையும் இவ்வாண்டு பேசுமாறு பணித்தார்கள். இலக்கியம் பேசும் தகுதி நமக்கு இல்லை. ஆகவே, இந்தக் கரக்பூர்க் காலனி போன்ற குடியிருப்புகளில் தாய்மார்கள் ஒருவருக்கொருவர் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்ளும் ஒரு துன்பத்தைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறோம்.

வீட்டில் வாய் ஓயாது பேசுகிறது ஒரு குழந்தை. பாட்டியிடம் கதை கேட்கிறது, தம்பியோடு சண்டையிடுகிறது, குளியலறையில் உரக்கப் பாடுகிறது. அதே குழந்தை பள்ளி வாயிலைத் தாண்டியதும் ஊமைபோல் ஆகிவிடுகிறது. ஆசிரியை பெயர் கேட்டால் பதில் இல்லை. வருகைப் பதிவின்போது “உள்ளேன்” என்று சொல்ல நா எழுவதில்லை. முகம் கல்லாய் இறுகி, கண்கள் தரையை நோக்க, உடல் அசையாது நிற்கிறது. மாலையில் வீட்டுப் படியேறியதும் மீண்டும் பேச்சு, மீண்டும் பாட்டு!

இதனைக் கண்டோர் என்ன சொல்கிறார்கள்? “பிடிவாதம்” என்பர் சிலர். “செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள்” என்பர் வேறு சிலர். “மந்த புத்தி” என்று முடிவு கட்டுவாரும் உளர். நாவில் வசம்பு தேய்த்தால் சரியாகும் என்று ஊரிலிருந்து கடிதம் எழுதும் மூத்தோரும் உண்டு. இவற்றுள் எதுவும் உண்மையன்று என்பதே நாம் இன்று கூற வந்த செய்தி. அக்குழந்தை பேச மறுக்கவில்லை. அச்சத்தினால் அதன் குரல் அடைபட்டு நிற்கிறது.

மருத்துவ உலகம் இதற்குச் ‘செலக்டிவ் மியூட்டிசம்’ என்று பெயரிட்டிருக்கிறது. தமிழில் நாம் இதனை ‘இடஞ்சார்ந்த பேசாமை’ எனலாம். கற்றறிந்த மருத்துவர்களுமே முதலில் இதனைப் பிடிவாதம் என்றுதான் எண்ணினார்கள். 1877-இல் அடால்ஃப் குஸ்மால் என்ற ஜெர்மானிய மருத்துவர், ‘வேண்டுமென்றே பேசாதிருத்தல்’ எனும் பொருள்படும் ஒரு பெயரை இதற்குச் சூட்டினார். 1934-இல் மோரிட்ஸ் டிராமர் என்பார் வைத்த பெயரும் ‘குழந்தை தானே விரும்பி மேற்கொள்ளும் மௌனம்’ என்ற கருத்தையே தாங்கி நின்றது. 1994-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் ஏடு அப்பெயரை மாற்றியது. 2013-இல் வெளிவந்த அவ்வேட்டின் ஐந்தாம் பதிப்பு இதனை அச்சம், பதற்றம் சார்ந்த கோளாறுகளின் வரிசையில் சேர்த்தது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலும் அவ்வாறே வகுத்தது. பிடிவாதம் என்ற பழியிலிருந்து இக்குழந்தைகளை விடுவிக்க அறிஞர்களுக்கே நூறாண்டுக்கு மேல் ஆயிற்று எனின், நம் அண்டை வீட்டாரை நொந்து பயன் என்ன?

நம் ரயில்வே மக்களுக்கு எளிதில் விளங்குமாறு ஓர் உவமை கூறுகிறோம். வண்டி அவுட்டரில் நின்றுவிட்டால், உள்ளே இருக்கும் பிரயாணி டிரைவரைத் திட்டுகிறார். சிக்னல் சிவப்பாக இருக்கையில் டிரைவர் வண்டியை நகர்த்த இயலாது என்பதை நாம் அறிவோம். வண்டியில் பழுதில்லை; டிரைவரிடமும் குறையில்லை. முன்னே பாதை திறந்திருக்கிறது என்று தெரிய வேண்டும், அவ்வளவே. பின்னாலிருந்து தள்ளுவது உதவியாகாது; விபத்துக்கே வழிகோலும்.

நிற்க. வெளியூரில் வாழும் நமக்கு இது தனிக் கவலைக்குரிய பொருளாவது ஏன்? நம் குழந்தை வீட்டில் தமிழ் பேசுகிறது. தெருவில் வங்காளம், இந்தி, தெலுங்கு ஒலிக்கின்றன. பள்ளியில் ஆங்கிலம் காத்திருக்கிறது. இஸ்ரேல் நாட்டில் நடத்தப்பெற்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், பொதுவாக நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான குழந்தைகளிடம் காணப்பட்ட இக்கோளாறு, வேற்று நாட்டிலிருந்து குடியேறிய குடும்பங்களின் குழந்தைகளிடம் நூற்றுக்கு இரண்டுக்குச் சற்று மேலாகக் காணப்பட்டது. நாம் நாடு விட்டு நாடு வரவில்லை; ஆயினும், மொழி மாறிய ஊரில் பிள்ளை வளர்ப்பவர்கள் இதனைக் கருத்திற்கொள்வது நலம்.

இங்கு ஒன்றைப் பிரித்தறிய வேண்டும. புதுமொழி ஒலிக்கும் வகுப்பில் முதன்முதலாக அமரும் குழந்தை, சில மாதங்கள் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பது இயல்பு. அது மொழி கற்கும் காலம். அதற்கு அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால், நன்கு தெரிந்த தமிழிலேகூட வெளியாரிடம் பேசாதிருந்தால்? சங்கத்தின் ஞாயிறு வகுப்பில், தமிழ் பேசும் பிள்ளைகள் நடுவிலும் அதே கல்முகத்தோடு நின்றால்? பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தைக் கழித்து, அதற்குப் பின்னும் ஒரு மாதத்துக்கு மேல் அந்நிலை நீடித்தால்? அப்பொழுது அது மொழித் தடையன்று, அச்சத்தின் தடை. அத்தகைய குழந்தையை இனங்காண நம் சங்கத்தைவிட ஏற்ற இடம் வேறில்லை. தமிழ் கேட்கும் வெளியிடம் இவ்வூரில் நம் குழந்தைகளுக்கு இது ஒன்றே அன்றோ?

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நிகழ்ந்ததைக் கூறுகிறோம். சிறுமிக்கு ஆறு வயது. பள்ளியில் சேர்ந்து ஓராண்டு நிறைவுறும் வரை ஒரு சொல்லும் அங்குப் பேசியதில்லை. கழிப்பறைக்குச் செல்ல அனுமதி கேட்கவும் வாய் வராமல், நனைந்த உடையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாட்களும் உண்டு. பிற பிள்ளைகள் சிரித்தார்கள். அந்நாட்களில் வீட்டிலும் அவள் பேச்சுக் குறைந்தது. அதனைக் கண்ட பிறகே பெற்றோர் மருத்துவரை நாடினார்கள். முதலில் செவிப்புலன் சோதிக்கப்பட்டது, குறையில்லை. பின்னர்க் குழந்தை மனநல மருத்துவர் ஒருவர் வகுத்துக் கொடுத்த வழி, பார்வைக்கு மிக எளியது, பொறுமைக்கோ பெருஞ்சோதனை.

பள்ளி தொடங்குவதற்கு அரைமணி முன்னதாகத் தாய் அச்சிறுமியோடு வெற்று வகுப்பறைக்குச் சென்றாள். கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் பரமபதம் ஆடினார்கள். அங்குத் தாயிடம் பேசச் சிறுமிக்கு அச்சமில்லை. சில நாட்களுக்குப் பின் கதவு சற்றே திறந்து வைக்கப்பட்டது. அடுத்து, ஆசிரியை தாழ்வாரத்தில் நடந்து சென்றார். பின்னர் உள்ளே வந்து, தொலைவில் மேசையருகே அமர்ந்து தம் ஏடுகளைத் திருத்தினார். சிறுமியை ஏறிட்டும் பார்க்கவில்லை. நாளடைவில் அவர் இருக்கை அருகே நகர்ந்தது. எந்நாளில் சிறுமியின் குரல் அடங்கியதோ, அந்நாளில் ஒரு படி பின்வாங்கினார்கள். இறுதியில் ஆசிரியையும் ஆட்டத்தில் சேர்ந்தார். பகடையை உருட்டிய சிறுமி “அஞ்சு” என்றாள். அந்த ஆசிரியை வங்காளி, தமிழ் அறியாதவர். பகடையைப் பார்த்தார், ஒரு சொல்லும் கூறாமல் அவள் காயை ஐந்து கட்டம் நகர்த்தி வைத்து, தம் பகடையை உருட்டினார். கைதட்டவில்லை, “பேசிவிட்டாளே!” என்று வியக்கவும் இல்லை. ஆட்டம் தொடர்ந்தது.

அதன்பின் தாய் சிறிது சிறிதாக விலகினாள். ஒரு தோழி ஆட்டத்தில் சேர்ந்தாள், பிறகு மற்றொருத்தி. வகுப்பு முழுவதன் முன்னும் வருகைப் பதிவுக்குக் குரல் கொடுக்கக் கல்வியாண்டு ஒன்று முழுதும் தேவைப்பட்டது. அறிந்த குரலை அறியாத இடத்துக்குப் படிப்படியாகக் கொண்டு செல்வதே இம்முறையின் சாரம். சிறு வயதிலேயே தொடங்கினால் பயன் விரைவில் கிட்டும். “வளர்ந்தால் தானே சரியாகும்” என்று ஆண்டுகளைக் கழித்தால், பேசாதிருப்பதே பழக்கமாகி வேரூன்றிவிடும்.

இனி, பெரியோராகிய நாம் அன்றாடம் கைக்கொள்ள வேண்டுவன சில.

முதலாவது, வற்புறுத்தலாகாது. “மாமாவுக்கு வணக்கம் சொல்லு, சொன்னால்தான் மிட்டாய்” என்பதும் வற்புறுத்தலே. மிட்டாய் கிடைக்காததோடு, தோற்றுப்போன நினைவும் குழந்தையிடம் தங்கிவிடும். அச்சுறுத்தலும் பரிகாசமும் இன்னும் கொடியவை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பதினேழாம் பிரிவில், குழந்தைக்கு உடல் தண்டனையோ மனத் துன்பமோ தருவதைத் தடை செய்திருக்கிறது. பேசாத குழந்தையை வகுப்பில் நிறுத்தி வைத்து அவமதிப்பதற்கு எவருக்கும் உரிமையில்லை.

இரண்டாவது, குழந்தையின் காதுபட “இவள் பேசமாட்டாள்” என்று கூறலாகாது. பலமுறை கேட்டால், அதுவே தன் இலக்கணம் என்று குழந்தை நம்பிவிடும். யாரேனும் கேட்டால், “பழகியதும் பேசுவாள்” என்று சொல்லி அமைதல் நன்று.

மூன்றாவது, கேள்விக்கணை தொடுக்கலாகாது. “பெயர் என்ன? எந்த வகுப்பு?” என்று கேட்பதினும், “நீ வரைந்த ரயிலுக்கு ஆறு பெட்டி இருக்கிறதே” என்று கூறி, அருகில் அமர்ந்திருப்பது மேல். கேட்டே ஆகவேண்டுமெனின், “பால் வேண்டுமா, மோர் வேண்டுமா?” என ஒரு சொல்லில் விடை வருமாறு கேட்டு, மனத்துக்குள் ஐந்து எண்ணும் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் அக்காளோ பாட்டியோ முந்திக்கொண்டு விடையிறுத்தல் கூடாது.

நான்காவது, தலையசைப்பையும் சுட்டிக்காட்டலையும் எழுதிக் காட்டுவதையும் முதற்படியாக ஏற்க வேண்டும். கழிப்பறைக்கும் குடிநீருக்கும் ஒரு சைகையோ அட்டையோ ஆசிரியருடன் பேசி ஏற்படுத்திவிட வேண்டும். ஆனால், அம்முதற்படியிலேயே ஆண்டுக்கணக்கில் நின்றுவிடவும் கூடாது. சைகையிலிருந்து முணுமுணுப்புக்கும், முணுமுணுப்பிலிருந்து சொல்லுக்கும் மெல்ல அழைத்துச் செல்ல வேண்டும்.

ஐந்தாவது, நாம் மிகவும் அழுத்திக் கூற விரும்புவது: வீட்டில் தமிழை நிறுத்தலாகாது. “வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள், குழந்தை பேசத் தொடங்கும்” என்று சிலர் நல்லெண்ணத்தோடு அறிவுரை கூறுகிறார்கள். எந்த மொழியில் அக்குழந்தையின் குரல் அச்சமின்றி ஒலிக்கிறதோ, அந்த மொழியைப் பறித்துவிட்டால் எஞ்சுவது யாது? இரண்டு மொழி கற்பது இக்கோளாறுக்குக் காரணம் அன்று. தாய்மொழியே அக்குழந்தை காலூன்றி நிற்கும் நிலம். அங்கிருந்துதான் அடுத்த படியில் கால் வைக்க இயலும்.

உதவி எங்குக் கிடைக்கும் என்று கேட்பீர்கள். ரயில்வே மருத்துவமனையில் முதலில் செவியையும் பேச்சையும் சோதிக்கச் செய்து, மனநல மருத்துவரிடம் அனுப்பக் கடிதம் பெறலாம். 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் திட்டத்தின்கீழ் மாவட்டங்களில் குழந்தைகளுக்கான தொடக்கநிலைச் சிகிச்சை மையங்கள் அமைந்துள்ளன. பெங்களூரின் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் குழந்தைகளுக்கெனத் தனி மனநலத் துறை உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்தால், தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

இறுதியாக, நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டு விழா மேடையில் குழந்தைகள் ஒப்பிப்பதும் பாடுவதும் நமக்குப் பெருமகிழ்ச்சி தருவன. அவை குறைவின்றி நடக்க வேண்டும். ஆனால், மைக்கின் முன் நின்று வாயடைத்துப்போகும் குழந்தையைச் “சொல், சொல்” என்று நெருக்காமல், புன்னகையோடு இறங்க விடுவோம். அதற்கும் மற்றவர்க்குக் கொடுக்கும் பரிசையே கொடுப்போம். தனித்துப் பாட அஞ்சும் குழந்தை, விரும்பினால், குழுப்பாடலில் நிற்கட்டும், தாளம் தட்டட்டும், திரை இழுக்கட்டும், கோலமிடட்டும். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் புதிதாகச் சேரும் குழந்தையை முதல் நாளே எழுப்பி ஒப்பிக்கச் சொல்லாமல், சில வாரங்கள் கேட்டிருக்க விடுவோம். அத்தகைய குழந்தையின் தாயோ தந்தையோ வகுப்பில் உடன் அமர விரும்பினால் மறுக்காதிருப்போம். இவற்றுக்குச் சங்கத்தின் நிதியிலிருந்து ஒரு காசும் செலவாகாது.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பர் நம் முன்னோர். எல்லாப் பிள்ளைக்கும் வாய் உண்டு. அது அச்சமின்றித் திறக்கத்தக்க இடத்தை அமைத்துக் கொடுப்பது பெற்றோர், ஆசிரியர், அண்டை வீட்டார், சங்கத்தார் ஆகிய நம் அனைவரின் கடமை.