சந்திரன் காட்டாத முகத்தில் ஒரு வடு



பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று: சந்திரனின் மறுபக்கம் ஏன் எங்களுக்குத் தெரிவதில்லை?

சந்திரன் தன்னைத்தானே ஒருமுறை சுற்ற எடுக்கும் காலமும், பூமியை ஒருமுறை சுற்ற எடுக்கும் காலமும் ஒன்றுதான். ஏறத்தாழ 27 நாட்கள். ஆகவே எப்போதும் ஒரே முகமே எங்களை நோக்கி நிற்கிறது. மறுபக்கத்தை 'இருண்ட பக்கம்' என்பார்கள். அது சரியல்ல. அங்கும் சூரியன் உதிக்கிறது. 1959 ஒக்டோபரில் சோவியத் ஒன்றியத்தின் லூனா 3 விண்கலம் படம்பிடித்து அனுப்பிய பின்னரே மனிதர் அந்தப் பக்கத்தைக் கண்டனர்.

அங்கேதான் தென்துருவ எயிற்கன் பள்ளம் இருக்கிறது. பெரிய விண்பாறை ஒன்று மோதியதால் உண்டானது. குறுக்களவு ஏறத்தாழ 2,500 கிலோமீற்றர். பருத்தித்துறை முதல் தெய்வேந்திரமுனை வரையான தூரத்தின் ஐந்து மடங்குக்கும் மேல்!

அந்த மோதல் எப்போது நடந்தது? விடை தேடிச் சீனாவின் சாங்-இ 6 விண்கலம் 2024 ஜூன் மாதம் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கியது. அங்கிருந்து வானொலி அலைகள் நேரே பூமிக்கு வரமாட்டா. சந்திரனே குறுக்கே நிற்கிறது. அதனால் செய்திகளை அஞ்சல் செய்யத் தனியாக ஒரு செய்மதியும் அனுப்பப்பட்டிருந்தது. விண்கலம் கொண்டுவந்த மண்ணும் கல்லும் 1,935 கிராம். மறுபக்கத்திலிருந்து பூமிக்கு வந்த முதல் மண் அது.

யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமாக மாறும். கற்துணுக்குகளில் உள்ள ஈயத்தை அளந்த சீன விஞ்ஞானிகள், மோதல் நடந்து ஏறத்தாழ 425 கோடி ஆண்டுகள் என்று 2025இல் அறிவித்தனர். சூரிய குடும்பம் தோன்றி 32 கோடி ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது.

இதனால் எங்களுக்கு என்ன? அதே காலத்தில் பூமியும் அடி வாங்கியது. ஆனால் மழையும் காற்றும் நிலத்தட்டுகளின் நகர்வும் அந்தத் தடயங்களை அழித்துவிட்டன. நானூறு கோடி ஆண்டு பழைமையான பாறை இங்கே கிடைப்பது மிக அரிது. எங்கள் வீட்டுப் பத்திரங்கள் அழிந்துபோக, அவற்றின் பிரதி அயல்வீட்டுப் பெட்டிக்குள் பத்திரமாக இருப்பதுபோல, பூமியின் இளமைக்காலக் கதையைச் சந்திரன் காத்து வைத்திருக்கிறது.

பறுவ நிலவைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது, தெரியாத அந்தப் பக்கத்தைப் பற்றியும் சொல்லுங்கள்.