வீட்டுக் கடனைக் கூடி நின்று தீர்ப்போம்

(தோட்டப் பாட்டாளிகளுக்கான தகவல் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, நிரையை வெட்டி முடித்து, பால் எடை போட்டு, வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு இம்மண்டபத்திற்கு வந்திருக்கிறீர்கள். ஓய்வெடுக்க வேண்டிய நேரத்தை எமக்குத் தந்துள்ளீர்கள். ஆதலால் இன்று ஒரே ஒரு பொருளைப் பற்றி மட்டும் பேசுவோம். வீட்டுக் கடனை அதன் காலம் முடிவதற்கு முன்பே தீர்ப்பது எவ்வாறு, அதற்கு உடன் சேமிப்போர் எவ்வாறு துணை நிற்க இயலும் என்பதே அப்பொருள்.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பர் நம் முன்னோர். இதன் பொருளைத் தோட்ட மக்களைவிட நன்கு அறிந்தவர் யார்? தோட்டத்து வீடு வேலையோடு வருவது, வேலையோடு போவது. பாட்டனும் தந்தையும் வாழ்ந்த வீடாயினும், வாசலில் நாமே நட்ட முருங்கை காய்த்துக் குலுங்கினாலும், ஓய்வு பெறும் நாளில் அதன் சாவியைத் திருப்பிக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். இதனை உணர்ந்தே உங்களில் பலர் அருகிலுள்ள பட்டணங்களில் மலிவு விலை வீடுகளை வங்கிக் கடன் பெற்று வாங்கியிருக்கிறீர்கள். அது பாராட்டத்தக்க செயலாகும்.

ஆயினும், வீட்டை வாங்கியதோடு கடமை முடிந்துவிடவில்லை. கடைசித் தவணை தீரும் வரை அவ்வீட்டின் நிலப்பட்டாவில் வங்கியின் அடமானம் பதிவாகியிருக்கும். தவணைகள் தொடர்ந்து தவறினால் வீடு ஏலத்திற்குப் போகவும் கூடும்.

வயதும் தவணையும்

2012ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஓய்வு வயதுச் சட்டம், 2013 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்படி தனியார் துறை ஊழியர்களின் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 ஆகும். இதனை மனத்திற்கொண்டு ஒரு கணக்கைப் பார்ப்போம்.

40 வயதுடைய பாட்டாளி ஒருவர் 60,000 வெள்ளி கடன் பெறுகிறார். ஆண்டு வட்டி 4 விழுக்காடு. தவணைக் காலம் 25 ஆண்டுகள் எனக் கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 317 வெள்ளி வரும். 25 ஆண்டுகளில் அவர் செலுத்தும் வட்டி மட்டும் ஏறத்தாழ 35,000 வெள்ளி. கடன் தீரும்போது அவருக்கு வயது 65. அதாவது, பால்வெட்டும் கத்தியைக் கீழே வைத்த பின்னரும், சம்பளம் இல்லாமல், ஐந்து ஆண்டுகள் அவர் தவணை கட்டியாக வேண்டும். யாருடைய பணத்தில் கட்டுவார்? முதுமைக்கென வைத்த சேமநிதியிலிருந்து கட்டுவார். அல்லது பிள்ளைகளிடம் கையேந்துவார்.

இதே மனிதர் முதல் மாதத்திலிருந்தே 50 வெள்ளியைக் கூடுதலாகச் செலுத்தினால் என்ன ஆகும்? கடன் 19 ஆண்டு 9 மாதங்களில் தீர்ந்துவிடும். வட்டியில் ஏறத்தாழ 8,100 வெள்ளி மிச்சமாகும். எல்லாவற்றிற்கும் மேலாக, கடன் தீரும்போது அவருக்கு வயது 60 நிறைந்திராது. ஓய்வு பெறும் நாளில் அவர் சொந்த வீட்டிற்குச் செல்வார். கடன் வீட்டிற்கு அன்று. 50 வெள்ளி என்பது நாளொன்றுக்கு 1 வெள்ளி 70 காசு கூட இல்லை.

50 வெள்ளி இயலாதோர் 20 வெள்ளி செலுத்தினாலும், அதே கடன் 2 ஆண்டு 5 மாதங்கள் முன்னதாகவே முடிவுறும்.

இவ்வளவு சிறு தொகை எப்படி இத்தனை ஆண்டுகளைக் குறைக்கிறது என்று நீங்கள் வியக்கலாம். முதல் மாதத்தில் கட்டும் 317 வெள்ளியில் 200 வெள்ளி வட்டிக்கே போய்விடுகிறது. 117 வெள்ளிதான் முதலில் கழிகிறது. ஆனால், கூடுதலாகச் செலுத்தும் 50 வெள்ளி முழுவதும் முதலில் கழிகிறது. முதல் குறைந்தால் அடுத்த மாத வட்டி குறையும். வட்டி குறைந்தால் முதல் இன்னும் விரைவாகக் கழியும். ஆகவே, தொடக்க ஆண்டுகளில் செலுத்தும் கூடுதல் பணமே மிகுந்த பயன் தருவதாகும். வட்டி விகிதம் இடையில் மாறினால் இக்கணக்கும் சற்று மாறும், வழி மாறாது.

வங்கியில் கேட்க வேண்டியவை

கூடுதல் பணம் கட்டுவோர் முதலில் வங்கிக்குச் சென்று சில கேள்விகளைக் கேட்டல் வேண்டும். கூடுதல் தொகை உடனே முதலில் கழிக்கப்படுமா, அல்லது அடுத்த மாதத் தவணைக்கான முன்பணமாக வைக்கப்படுமா? முன்பணமாக வைக்கப்பட்டால் நாம் எதிர்பார்க்கும் வட்டிக் குறைவு கிட்டாமற் போகலாம். முதலில் கழிக்குமாறு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டுமாயின், அவ்வாறே செய்து நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்து, கடனை முழுமையாக முன்கூட்டித் தீர்த்தால் அபராதம் உண்டா என்று கேளுங்கள். பல ஒப்பந்தங்களில் தொடக்கத்துச் சில ஆண்டுகளுக்கு இத்தகைய விதி உண்டு. ஆண்டுக்கொரு முறை கணக்கு அறிக்கையைப் பெற்று, நிலுவை குறைந்துள்ளதா என்று பாருங்கள். மலாய் படிக்கத் தெரிந்த உங்கள் பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு படியுங்கள். அவர்களுக்கும் அது ஒரு பாடமாகும்.

அவசரப்படலாகாது

வீட்டுக் கடனுக்குக் கூடுதலாகச் செலுத்துமுன் வேறு இரண்டு காரியங்கள் முடிந்திருக்க வேண்டும்.

ஒன்று, அதிக வட்டிக் கடன்களைத் தீர்ப்பது. வட்டி முதலைகளிடமும் தவணைக் கடைகளிலும் கடனை வைத்துக்கொண்டு, 4 விழுக்காட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டுவது, ஓட்டை வாளியில் பால் ஊற்றுவதற்கு ஒப்பாகும். கடன் மிகுந்து வழி தெரியாதோர், பேங்க் நெகாரா 2006ஆம் ஆண்டில் அமைத்த ஏ.கே.பி.கே. எனும் கடன் ஆலோசனை நிறுவனத்தை நாடலாம். அங்கு ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை.

மற்றொன்று, அவசரத்திற்கென ஒரு தொகையைச் சேமிப்புக் கணக்கில் வைப்பது. ரப்பர்த் தோட்டத்து வருமானம் ஒரே சீரானதன்று. மழை பெய்தால் வெட்டு இல்லை. இலையுதிர் காலத்தில் பால் குறையும். ஆகவே, கூடுதல் தொகையை நல்ல மாதத்தைப் பார்த்து நிர்ணயிக்காதீர்கள். மெலிந்த மாதத்தைப் பார்த்து நிர்ணயியுங்கள். மெலிந்த மாதத்திலும் கட்டக்கூடிய தொகை எதுவோ, அதுவே உங்கள் தொகை.

ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுத்து வீட்டுக் கடனைக் குறைக்கலாமா என்று சிலர் கேட்கின்றனர். விதிகள் அதற்கு இடமளிக்கின்றன. 2024ஆம் ஆண்டு மே மாதம் சேமநிதிக் கணக்குகள் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பின், சுபிட்சக் கணக்கிலிருந்து இதற்கெனப் பணம் எடுக்கலாம். ஆனால், 2024ஆம் ஆண்டிற்குச் சேமநிதி வழங்கிய லாப ஈவு 6.30 விழுக்காடு என்பதையும் எண்ணிப் பாருங்கள். 4 விழுக்காட்டுக் கடனைக் குறைப்பதற்காக அதைவிட அதிகம் ஈட்டும் பணத்தை எடுப்பது ஆதாயமாகுமா? இரு விகிதங்களையும் ஒப்பிட்ட பின்னரே முடிவு செய்யுங்கள். அன்றாடச் செலவில் மிச்சம் பிடிக்கும் பணமே கடனைக் குறைப்பதற்கு ஏற்ற பணமாகும்.

உடன் சேமிப்போரின் துணை

இதுவரை கூறியவை யாவும் கணக்கு. கணக்கு எளிது. இருபது ஆண்டுகள் மனம் தளராமல் நிற்பதே கடினம். தீபாவளி வரும், மகளின் திருமணம் வரும், பக்கத்து வீட்டில் புதிய தொலைக்காட்சி வரும். தனி ஒருவராக இருப்பவர் ஆறாம் மாதத்திலேயே நிறுத்திவிடுவார். கேட்பார் இருந்தால் நிறுத்த மனம் வராது.

கூடிச் சேமிப்பது நமக்குப் புதியதன்று. 1950களின் பிற்பகுதியில் ஐரோப்பிய முதலாளிகள் விற்ற தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, நம் மக்கள் வேலையையும் குடியிருந்த வீட்டையும் ஒருசேர இழந்தனர். அந்நாளில் துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மாதம் 10 வெள்ளியாக 100 வெள்ளிப் பங்கைச் செலுத்தியவர்கள் பால்வெட்டுத் தொழிலாளர்களே. மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பத்து வெள்ளியால் என்ன ஆகும் என்று அவர்கள் அன்று எண்ணியிருந்தால், அத்தோட்டம் கைக்கு வந்திருக்குமா?

நாம் பணி நிமித்தம் சென்ற ஒரு தோட்டத்தில், வீட்டுக் கடன் பெற்ற ஏழு குடும்பத்தினர் சம்பளத்திற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோறும் பாலர் பள்ளியில் கூடுகின்றனர். ஒவ்வொருவரும் வங்கி ரசீதைக் கொண்டுவருவர். சுவரில் ஓர் அட்டை. குடும்பத்திற்கு ஒரு வரிசை. மாதத்திற்கு ஒரு கட்டம். கூடுதல் தொகை கட்டியவர் தம் கட்டத்தை நிரப்புவார். பின்னர்த் தேநீர் அருந்திக் கலைவர். அவ்வளவே.

அவர்களுள் ஓர் அம்மையாரின் கணவர் மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் முறிந்து வீட்டில் கிடந்தார். அம்மையாரால் கூடுதல் தொகை கட்ட இயலவில்லை. வெட்கப்பட்டுக் கூட்டத்திற்கு வருவதையும் நிறுத்தினார். மூன்றாம் மாதம் மற்ற ஆறு குடும்பத்தினரும் அவர் வீட்டு வாசலிலேயே கூட்டத்தை நடத்தினர். "கட்டம் காலியாக இருக்கட்டும் அம்மா, நீங்கள் வந்து உட்காருங்கள்" என்றார் ஒரு முதியவர். வழக்கமான தவணை தவறலாகாது என்பதால், ஒருவர் அவரோடு வங்கிக்குச் சென்று நிலைமையை எடுத்துரைத்தார். மற்றொருவர் வீட்டுப் பெண்கள் அவருடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டனர். கணவர் எழுந்து நடமாடத் தொடங்கியதும் அம்மையார் 20 வெள்ளியோடு மீண்டும் தம் கட்டத்தை நிரப்பினார். அன்று அங்கிருந்தோர் கைதட்டினர் என்று அவர் நம்மிடம் கூறும்போது கண்கலங்கினார்.

ஓர் எச்சரிக்கை

இக்குழுவில் ஒருவர் பணம் இன்னொருவர் கைக்குச் செல்வதில்லை என்பதைக் கவனியுங்கள். அவரவர் பணம் அவரவர் கடன் கணக்கிற்கே நேராகச் செல்கிறது. கூட்டுப் பிடிப்பது வேறு, இது வேறு. 1971ஆம் ஆண்டின் சட்டப்படி கூட்டுப் பிடிப்பதைத் தொழிலாக நடத்துவது குற்றமாகும். கூட்டுக் கட்டிய பணத்தோடு பிடித்தவர் தலைமறைவான கதையைத் தோட்டங்களில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். பணத்தை ஒன்றுசேர்க்க விரும்புவோர், சட்டப்படி பதிவுபெற்று, கூட்டுறவு ஆணையத்தின் மேற்பார்வையில் இயங்கும் சங்கங்களையே நாடுதல் வேண்டும்.

குழு ஐந்து முதல் பத்துக் குடும்பங்களுக்குள் இருப்பது நன்று. அப்போதுதான் ஒருவர் வராதது மற்றவருக்குத் தெரியும். ஒருவர் 20 வெள்ளி கட்டுவார். இன்னொருவர் 100 வெள்ளி கட்டுவார். தொகையை ஒப்பிட்டு எவரையும் தாழ்த்தலாகாது. கணவன் மனைவி இருவரும் வருதல் வேண்டும்.

அன்பர்களே! கடன் தீர்ந்த பின்னரும் ஒரு வேலை உண்டு. அடமானத்தை விடுவிக்கும் பத்திரத்தை வங்கியிடமிருந்து பெற்று, நில அலுவலகத்தில் பதிவு செய்து, பட்டாவை உங்கள் கையில் வாங்குங்கள். அதுவரை ஓயாதீர்கள்.

அடுத்த சம்பள நாள் தொலைவில் இல்லை. இன்று வீடு திரும்பும் வழியிலேயே, வீட்டுக் கடன் உள்ள நான்கு பேரிடம் பேசுங்கள். ஓர் அட்டையும் ஒரு பேனாவும் போதும். வேலையோடு வந்து வேலையோடு போகும் வீட்டில் பிறந்தோம். நம் பிள்ளைகள் எவரும் வெளியேற்ற இயலாத வீட்டில் வாழட்டும்.