பாடகியின் குரலும் படைவீரரின் வாய்மையும்

கலைஞர்கள் அரசியல் மேடை ஏறலாமா என்பது பழைய வினா. பாடுவோர் பாட்டோடும், நடிப்போர் நடிப்போடும் நின்றுவிடுதல் வேண்டும் என்பர் ஒரு சாரார். பெயரும் புகழும் பெற்ற ஒருவர் அநீதியைக் கண்டும் வாய்மூடி இருத்தல் தகாது என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் தத்தம் கட்சிக்குச் சான்றாகக் காட்டத்தக்க நிகழ்ச்சி ஒன்று, 2010 ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நடந்தது.

அவ்வாண்டு செப்டெம்பர் 20 ஆம் நாள், அந்நாட்டின் வடகிழக்குக் கோடியிலுள்ள மெயின் மாநிலத்தில், போட்லந்து என்னும் துறைமுக நகரத்துப் பூங்காவொன்றிலே பெருங்கூட்டம் திரண்டிருந்தது. மேடையில் நின்றவர் லேடி காகா என்னும் பாடகி. அப்போது அவருக்கு வயது 24. அவருடைய பாடல்கள் உலகெங்கும் ஒலித்துக்கொண்டிருந்த காலம் அது. ஆயினும், அன்று அவர் பாட வரவில்லை. படையினரைக் கட்டுப்படுத்திய ஒரு சட்டத்தை நீக்குமாறு கேட்க வந்திருந்தார்.

அந்தச் சட்டம் யாது? ஆணை விரும்பும் ஆணும், பெண்ணை விரும்பும் பெண்ணும் ஆகிய தன்பால் விருப்புடையோர் அமெரிக்கப் படைகளில் பணிபுரிவது நெடுங்காலம் தடுக்கப்பட்டிருந்தது. 1992 ஆம் ஆண்டுத் தேர்தலில், அத்தடையை நீக்குவதாக வாக்களித்தார் பில் கிளின்ரன். ஜனாதிபதியான பின்னர், படைத் தலைவர்களும் கொங்கிரஸ் சபையினரும் காட்டிய எதிர்ப்பின் முன்னே அவரால் வாக்கை முழுமையாகக் காக்க இயலவில்லை. 1993 இல் ஓர் இடைவழி பிறந்தது. அதனை மக்கள் ‘கேளாதே, சொல்லாதே’ என்று அழைத்தனர். ஒரு வீரரின் விருப்பம் யாதென மேலதிகாரி கேட்கலாகாது. வீரரும் அதனைச் சொல்லலாகாது. சொல்லிவிட்டால், அல்லது வேறு வகையில் அது வெளிப்பட்டால், அவர் படையிலிருந்து விலக்கப்படுவார்.

கேட்பதற்கு மென்மையானதாகத் தோன்றும் இவ்வேற்பாடு, நடைமுறையில் கொடிதாயிற்று. பாசறையிலே தோழர்கள் தத்தம் மனைவி மக்களின் படங்களைக் காட்டி மகிழும்போது, இவ்வீரர் தம் அன்புக்குரியவரின் பெயரையும் மறைத்தல் வேண்டும். வீட்டுக்கு எழுதும் கடிதத்திலும் ஒவ்வொரு சொல்லையும் எண்ணி எழுதுதல் வேண்டும். சட்டம் நிலவிய ஆண்டுகளில் 13,000 க்கும் மேற்பட்டோர் இவ்வாறு விலக்கப்பட்டனர். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் போர் நடந்துகொண்டிருந்த நாள்களில், அரபு மொழி பயின்ற மொழிபெயர்ப்பாளர் பலரையும் படை இக்காரணத்தாலேயே இழந்தது.

படைமாட்சி கூறவந்த வள்ளுவர், வீரத்தோடும் மானத்தோடும், நம்பப்படும் தன்மையையும் படைக்கு அரணாக வைத்துப் பேசுகிறார். ஒருவரையொருவர் நம்பியே களத்தில் நிற்கவேண்டிய வீரரை, நாள்தோறும் பொய்யுரைக்கச் செய்வதே இச்சட்டத்தின் பெருங்குறை. 2010 பெப்ரவரியில், முப்படைத் தலைவர்களின் குழுவுக்குத் தலைமை தாங்கிய அட்மிரல் மைக் முல்லனும் இதனையே செனற் சபைக் குழுவின் முன் எடுத்துரைத்தார். நாட்டைக் காக்க வரும் இளைஞர்கள் தாம் யார் என்பதைப் பற்றிப் பொய்சொல்ல நேர்வது தம் மனத்தை உறுத்துகிறது என்றும், அவர்கள் வெளிப்படையாகப் பணியாற்ற இடமளிப்பதே சரியானது என்றும் தம் சொந்தக் கருத்தாக அவர் கூறினார்.

இவ்வழக்கு பாடகியோடு தொடங்கியதன்று. அவர் பிறப்பதற்குப் பதினோராண்டுகள் முன்னரே, லெனாட் மற்லோவிச் என்னும் விமானப்படை வீரர் அதனைத் தொடங்கிவைத்தார். அவர் வியட்நாம் போரில் மும்முறை பணிபுரிந்தவர், காயமுற்றவர், வீரப் பதக்கங்கள் பெற்றவர். 1975 இல், தாம் தன்பால் விருப்புடையவர் என்பதைத் தாமாகவே மேலதிகாரிக்கு எழுத்தில் அறிவித்தார். பன்னிரண்டு ஆண்டுச் சேவை அத்துடன் முடிவுற்றது. அவ்வாண்டு செப்டெம்பரில் ‘டைம்’ இதழ் அவர் படத்தை முகப்பில் வெளியிட்டது. அவர் பெற்ற புகழ் மேடையில் கிடைத்த புகழன்று. தொழிலை விலையாகக் கொடுத்துப் பெற்றது. 1988 இல் அவர் மறைந்தார். வாஷிங்டன் நகரிலுள்ள அவர் கல்லறையின் தலைக்கல்லில் அவர் பெயர் இல்லை. தன்பால் விருப்புடைய வியட்நாம் போர்வீரர் என்றே பொறிக்கப்பட்டுள்ளது. பெயர் தெரியாது மறைந்த மற்றையோர்க்கும் அக்கல் நினைவாக நிற்கவேண்டும் என்பது அவர் விருப்பம்.

இத்தகையோரின் பின்னணியிலேதான் பாடகியின் செயலை மதிப்பிடல் வேண்டும். போட்லந்துக் கூட்டத்துக்கு எட்டு நாள்களுக்கு முன்னர், லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடந்த இசைப் பரிசளிப்பு விழாவுக்கு அவர் வந்தபோது, இச்சட்டத்தால் பாதிப்புற்ற படையினர் நால்வரைத் தம்முடன் அழைத்து வந்தார். அவ்விழாவில் எட்டுப் பரிசுகள் பெற்றார். அன்றிரவு, பச்சை இறைச்சியால் ஆன ஆடையொன்றை அணிந்து எல்லோரையும் திகைக்கவைத்தார். உரிமைக்காக நாம் நிற்கவில்லையேல், எலும்பின்மேல் ஒட்டிய இறைச்சிக்கு உள்ள உரிமையே நமக்கும் எஞ்சும் என்ற கருத்தில் அதற்குப் பின்னர் விளக்கம் தந்தார். ஆடையைப் பற்றிப் பேசியவர் பலர். அவரோடு வந்த நால்வரைப் பற்றிப் பேசியவர் சிலரே. புகழுடையோர் துணைக்கு வருவதால் நேரும் இடர் இதுவே. மக்கள் கண் விளக்கை நாடுகிறது. விளக்கு காட்டும் பொருளை மறந்துவிடுகிறது.

போட்லந்தில் அவர் கையாண்ட முறை வேறு. மெயின் மாநிலத்தின் செனற் உறுப்பினர்களான ஒலிம்பியா ஸ்னோ, சூசன் கொலின்ஸ் என்னும் பெண்மணிகள் இருவரும் குடியரசுக் கட்சியினர். அவர்தம் வாக்குகள் எப்பக்கம் சாயும் என்பதே அன்றைய கேள்வி. ஆதலின், தம் இரசிகர் நிறைந்த பெருநகரங்களை விடுத்து, வாக்கு இருந்த ஊரை நாடிச் சென்றார் பாடகி. சமத்துவத்தை, அமெரிக்கா தன் மக்களுக்குப் பரிமாறும் மிகச் சிறந்த உணவுக்கு ஒப்பிட்டார். தன்பால் விருப்புடைய வீரரை வீட்டுக்கு அனுப்புவதேன்? அவரை வெறுப்பதனால் கடமையில் மனங்கொள்ள இயலாத வீரரையன்றோ அனுப்பவேண்டும் என்று வினவினார்.

மறுநாள் என்ன நடந்தது? செனற் சபையில் விவாதத்தைத் தொடங்க 60 வாக்குகள் வேண்டியிருந்தன. 56 வாக்குகளே கிடைத்தன. மெயின் மாநிலத்தவர் இருவரும் எதிர்த்தே வாக்களித்தனர். குழுநிலையில் சட்ட நீக்கத்தை ஆதரித்திருந்த கொலின்ஸ், திருத்தங்கள் கொண்டுவரத் தம் கட்சிக்குப் போதிய இடமளிக்கப்படவில்லை என்பதைத் தம் மறுப்புக்குக் காரணமாகக் காட்டினார். பாடகியின் பேச்சு வீண் என்று கூறியோர்க்கு அன்று நல்ல வாய்ப்புக் கிடைத்தது.

ஆனால், கதை அங்கே முடியவில்லை. நவம்பர் 30 ஆம் நாள் பாதுகாப்புத் திணைக்களம் ஓர் அறிக்கையை வெளியிட்டது. அதற்கென நான்கு இலட்சம் படையினர்க்கு வினாக்கொத்து அனுப்பப்பட்டு, ஏறத்தாழ 1,15,000 பேர் விடையளித்திருந்தனர். சட்ட நீக்கத்தால் நன்மை விளையும், அல்லது நன்மையும் தீமையும் கலந்திருக்கும், அல்லது எவ்வித விளைவும் இராது என்றே நூற்றுக்கு எழுபதின்மர் வரையில் கூறியிருந்தனர். படையின் ஒற்றுமை குலையும் என்ற வாதத்துக்குப் படையினரே விடையளித்துவிட்டனர். டிசெம்பர் 15 இல் பிரதிநிதிகள் சபை 250 க்கு 175 என்ற வாக்குகளால் சட்ட நீக்கத்தை ஏற்றது. 18 இல் செனற் சபை 65 க்கு 31 என ஏற்றது. இம்முறை ஸ்னோ, கொலின்ஸ் இருவரும் ஆதரித்தே வாக்களித்தனர்; கொலின்ஸ் அதனை முன்னின்று நடத்தியோருள் ஒருவரும் ஆனார். 22 ஆம் நாள் ஜனாதிபதி ஒபாமா ஒப்பமிட்டார்.

பழைய தடை முற்றாக நீங்கிய நாள் 2011 செப்டெம்பர் 20. போட்லந்துக் கூட்டம் நடந்து சரியாக ஓராண்டு நிறைவுற்ற நாள் அது. சட்ட நீக்கத்தை வெளிப்படையாக எதிர்த்திருந்த கடற்காலாட்படைத் தளபதி ஜேம்ஸ் ஏமஸ், இரண்டு மாதங்களின் பின்னர், அஞ்சியவாறு ஒன்றும் நிகழவில்லை என ஒப்புக்கொண்டார். எனினும், விலக்கப்பட்டோரின் இழப்பு அன்றே தீர்ந்துவிடவில்லை. அச்சட்டத்தின் கீழ் மதிப்புக் குறைந்த சான்றோடு அனுப்பப்பட்டவருள் 800 க்கும் மேற்பட்டோர்க்கு, மதிப்புடைய விலகல் என்று பதிவைத் திருத்தியதாகப் பாதுகாப்புத் திணைக்களம் அறிவித்தது 2024 ஆம் ஆண்டிலேதான்.

ஆகவே, வென்றவர் யார்? பாடகி மட்டுமே வென்றார் என்பது மிகை. அவர் ஒன்றும் செய்யவில்லை என்பது குறை. தம்மை மறைக்க மறுத்துத் தொழிலை இழந்தோர் வழக்கைத் தந்தனர். வினாக்கொத்துக்கு விடையெழுதிய வீரர்கள் சான்றைத் தந்தனர். சட்டமன்றத்தார் வாக்கைத் தந்தனர். அதுவரை இவ்வழக்கைக் கேளாத பல இலட்சம் செவிகளைத் தந்தவர் பாடகி. செவி கிடைத்தால் மட்டும் நீதி கிடைத்துவிடாது. செவியே கிடையாத இடத்தில் நீதியின் பேச்சே எழாது.

புகழுடையோர் பொதுப்பணிக்கு வரும்போது நேயர்கள் கேட்கத்தக்க வினா ஒன்றே. ஏந்திய விளக்கை அவர் தம் முகத்துக்கு நேரே பிடிக்கிறாரா, இருளில் நிற்போர் முகத்துக்கு நேரே பிடிக்கிறாரா? இசைவிழா நாளில் லேடி காகாவின் விளக்கு இருபுறமும் அசைந்தது. போட்லந்தில் அது, பேசத் தடைசெய்யப்பட்டிருந்த வீரரின் முகத்தின்மீது நிலைத்து நின்றது.