கப்பலில் உங்கள் கையெழுத்து

வெள்ளைச் சீருடையில் வியர்த்துக்கொண்டிருக்கும் பட்டதாரிகளே, அவர்களைவிட அதிகமாக வியர்த்துக்கொண்டிருக்கும் பெற்றோர்களே!

இன்ஜின் ரூமிலேயே காலம் போனவன் நான். அங்கே ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசித்தான் பழக்கம். அதனால் மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்கிறேன்.

கப்பல் கல்லூரி விழா என்றால் அலை, புயல், கலங்கரை விளக்கம் என்று பேசுவது வழக்கம். அலையை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். குளிர்காலத்தில் பிஸ்கே வளைகுடாவை ஒருமுறை கடந்துவிட்டால் என் வர்ணனை உங்களுக்குத் தேவைப்படாது. நான் பேச வந்தது காகிதத்தின் அடியில் நீங்கள் போடப்போகும் கையெழுத்தைப் பற்றி. வேலை ஒப்பந்தம், ஓய்வு நேரப் பதிவேடு, தொட்டிக்குள் இறங்கும் அனுமதிச் சீட்டு, ஆயில் ரெக்கார்டு புக், லாக் புக் என்று கப்பலில் பேனாவை எடுக்க வேண்டிய இடங்கள் ஏராளம். ஸ்பானர் பிடிக்கச் சொல்லிக் கொடுத்த அளவுக்குப் பேனா பிடிக்கவும் சொல்லிக் கொடுத்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம். ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கப்பல் செய்தியில் வருவதே மாட்டினால், எரிந்தால், மோதினால்தான். 2021 மார்ச் 23 அன்று சூயஸ் கால்வாயில் எவர் கிவன் குறுக்கே மாட்டிக்கொண்டது. 400 மீட்டர் நீளக் கப்பலின் மூக்கடியில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த சின்னப் பொக்லைனை வைத்து உலகம் முழுக்கக் கேலிப் படம் போட்டார்கள். 29-ஆம் தேதி கப்பல் மிதந்தது, கேமராக்கள் கிளம்பிப் போயின. ஆனால் நஷ்ட ஈட்டுத் தகராறில் கப்பலை கிரேட் பிட்டர் ஏரியில் நிறுத்திவைத்து, ஜூலை 7 அன்றுதான் விட்டார்கள். மாட்டியபோது அதிலிருந்த 25 மாலுமிகளும் இந்தியர்கள். அந்த மூன்று மாதத்தை வைத்து யாரும் கேலிப் படம் போடவில்லை.

அதே சூயஸ் பக்கத்தில், அதே காலத்தில் இன்னொரு கப்பல் இருந்தது. பெயர் எம்.வி. அமான். நீங்கள் இங்கிருந்து வேறு எதையும் எடுத்துக்கொண்டு போகாவிட்டாலும் இந்தக் கதையைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

2017 ஜூலையில் எகிப்தின் அடபியா துறைமுகத்தில் அந்தச் சரக்குக் கப்பலைப் பிடித்து நிறுத்தினார்கள். பாதுகாப்புக் கருவிகளுக்கான சான்றிதழ்கள் காலாவதியாகியிருந்தன. கப்பலின் ஒப்பந்ததாரர் எரிபொருளுக்குப் பணம் கட்டவில்லை, பஹ்ரைனில் இருந்த உரிமையாளர் கையிலும் பணம் இல்லை. கேப்டன் அப்போது கரையில் இருந்தார். உள்ளூர் நீதிமன்றம், கப்பலின் சட்டப்படியான பாதுகாவலர் என்று சீஃப் ஆபீசரை நியமித்தது. அவர் சிரியா நாட்டு இளைஞர். உத்தரவைக் கொண்டுவந்து நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டார். அதன் பொருள் என்ன என்று தனக்கு யாரும் விளக்கவில்லை என்று பிற்பாடு சொன்னார். கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராக ஊருக்குக் கிளம்பத் தொடங்கியபோதுதான், தன்னால் மட்டும் கிளம்ப முடியாது என்பது தெரிந்தது. கப்பல் விற்கப்பட வேண்டும், அல்லது வேறொருவர் அந்தப் பொறுப்பை ஏற்க வேண்டும். அதுவரை அவர்தான் காவல்.

2018-இல் அவருடைய தாயார் காலமானார். போக முடியவில்லை. 2019-இல் கப்பலில் அவர் ஒருவரே மிஞ்சினார். ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை, இரவில் விளக்கு கிடையாது. அவருடைய சகோதரரும் கப்பல்காரர்தான். சூயஸ் வழியாகப் போகும்போது தூரத்தில் சகோதரரின் கப்பல் தெரியும், போனில் பேசிக்கொள்வார்களாம். 2020 மார்ச்சில் ஒரு புயல் கப்பலை எட்டு கிலோமீட்டர் இழுத்துப் போய்க் கரைக்குச் சில நூறு மீட்டர் தள்ளித் தரைதட்ட வைத்தது. அதை அவர் நல்ல காலம் என்று எண்ணினார். ஏனென்றால் அதன் பிறகு சில நாளுக்கொரு முறை நீந்திக் கரைக்குப் போய்ச் சாப்பாடு வாங்கலாம், போனுக்கு சார்ஜ் ஏற்றலாம். 2021 ஏப்ரலில், சர்வதேச போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பின் எகிப்துப் பிரதிநிதி பாதுகாவலர் பொறுப்பைத் தான் ஏற்க முன்வந்த பிறகே அவரை விட்டார்கள். ஏறக்குறைய நாலு வருடம். சிறையென்றால் தண்டனைக் காலமாவது தெரிந்திருக்கும்.

துறைமுகத்தில் யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும், புரியாத மொழியில் இருந்தால் புரியவில்லை என்று சொல்லுங்கள். நகல் கேளுங்கள். கேப்டனிடமும் கம்பெனியிடமும் காட்டுங்கள், கப்பலின் காப்பீட்டுச் சங்கத்துக்கு அந்தத் துறைமுகத்தில் ஒரு பிரதிநிதி இருப்பார், அவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். நம் நாட்டுத் தூதரகத்தைத் தேடுங்கள். வாங்கியே தீர வேண்டும் என்றால், ‘பெற்றுக்கொண்டதற்கு மட்டும்’ என்று மேலே எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பழைய கேப்டன்கள் எல்லோருக்கும் தெரிந்த வழி இது. ஏன் புத்தகத்தில் இல்லை என்று கேட்காதீர்கள்.

ஓய்வு நேரப் பதிவேட்டுக்கு வருவோம். எந்த 24 மணி நேரத்தை எடுத்தாலும் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு, ஏழு நாளில் 77 மணி நேரம், அந்தப் பத்தில் ஒரே மூச்சாக ஆறு மணி நேரம் இருந்தாக வேண்டும். தேர்வில் எழுதியிருப்பீர்கள். கப்பலில் ஏறியதும் பார்ப்பீர்கள், சரக்கு ஏற்றி இறக்கும் துறைமுகத்தில் இரண்டு நாள் கண் மூடாதவர்கூடப் பதிவேட்டில் நிம்மதியாக உறங்கிக்கொண்டிருப்பார். மென்பொருள் சிவப்புக் கட்டம் காட்டினால் அதைப் பச்சையாக்கும்வரை எண்களை மாற்றுவார்கள். சின்னப் பொய்தானே என்று தோன்றும். 2010 ஏப்ரலில் ஷென் நெங் 1 என்ற நிலக்கரிக் கப்பல் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில், டக்ளஸ் ஷோல் பவளத்திட்டில் ஏறியது. கிளாட்ஸ்டோன் துறைமுகத்தில் சரக்கேற்றத்தைக் கவனித்துவிட்டு வாட்ச்சில் நின்ற சீஃப் ஆபீசர், அதற்கு முந்தைய முப்பத்தெட்டரை மணி நேரத்தில் தூங்கியது இரண்டரை மணி நேரம் என்று ஆஸ்திரேலிய விசாரணை சொன்னது. திரும்ப வேண்டிய இடத்தில் கப்பலைத் திருப்பவில்லை. குற்றவாளிக் கூண்டில் ஏறியவர்கள் அவரும் கேப்டனும்.

தமிழ்நாட்டில் கப்பல் விழா நடந்தால் வ.உ.சி.யின் பெயரைச் சொல்லாமல் முடியாது. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி, காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிவிடுவோம். அதே மனிதர் 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தை முன்நின்று நடத்தினார். கூலி உயர்வோடு அவர்கள் கேட்டவற்றில் ஒன்று, வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை. அவர் விட்ட கப்பலை நினைக்கிற நாம், அவர் கேட்ட ஓய்வை ஏனோ விட்டுவிடுகிறோம். ஓய்வு நேரப் பதிவேட்டில் பொய் எழுதச் சொல்பவர் கேபின் சுவரில் வ.உ.சி. படம் மாட்டியிருந்தாலும் ஆச்சரியமில்லை.

இன்ஜின் பிரிவுப் பிள்ளைகளுக்கு, என் பிரிவு என்பதால், கொஞ்சம் கூடுதலாக. கப்பலின் அடியில் தேங்கும் பில்ஜ் தண்ணீரைப் பிரிப்பானில் விட்டு, எண்ணெய் பத்து லட்சத்தில் 15 பங்குக்கு மேல் இல்லாமல்தான் கடலில் விட வேண்டும். மிஞ்சும் கசடைக் கரையில் காசு கொடுத்து இறக்க வேண்டும். இந்தக் காசை மிச்சம் பிடிக்கப் பிரிப்பானைச் சுற்றிக்கொண்டு ஒரு குழாய் போடுவார்கள். மேஜிக் பைப் என்று பெயர். கரீபியன் பிரின்சஸ் என்ற பயணிகள் கப்பலில் 2013-இல் புதிதாகச் சேர்ந்த ஓர் இன்ஜினியர் இதைக் கண்டார். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனுக்குக் கப்பல் வந்ததும் அதிகாரிகளிடம் சொல்லிவிட்டு வேலையை விட்டு இறங்கினார். மூத்த இன்ஜினியர்கள் அவசரமாகக் குழாயைக் கழற்றினார்கள், கீழே இருந்தவர்களிடம் விசாரணையில் பொய் சொல்லும்படி சொன்னார்கள். 2016-இல் அந்தக் கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டு 4 கோடி டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தது. ஆயில் ரெக்கார்டு புக்கில் ஒவ்வொரு வரிக்கும் அந்த வேலைக்குப் பொறுப்பான ஆபீசர் கையெழுத்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் கேப்டன் கையெழுத்து. உத்தரவு போட்டவர் பெயர் அந்தப் புத்தகத்தில் எங்கும் இருக்காது. இதைப் புரிந்துகொண்டால் போதும்.

எலெக்ட்ரிக்கல் பக்கம் போகிறவர்களுக்கு டாலி கப்பல். 2024 மார்ச் 26 அதிகாலை பால்டிமோரில் மின்சாரம் போய், பாலத்தின் தூணில் மோதிய கப்பல். 21 மாலுமிகள், 20 பேர் இந்தியர், ஒருவர் இலங்கையர். கப்பலிலிருந்து போன அபாய அறிவிப்பால் பாலத்தில் வண்டிகளை நிறுத்த முடிந்தது. மேலே குழி அடைத்துக்கொண்டிருந்த சாலைத் தொழிலாளர்கள் ஆறு பேர் இறந்தார்கள். அமெரிக்க விசாரணை அமைப்பு கடைசியில் கண்டுபிடித்தது என்ன தெரியுமா? ஒரு ஒயரின் நுனியில் சுற்றியிருந்த பெயர்ச்சீட்டு சற்றுத் தள்ளி இருந்ததால், ஒயர் இணைப்புக்குள் முழுதாக இறங்கவில்லை. ‘பார்த்தேன், சரி’ என்று செக்லிஸ்ட்டில் டிக் அடிக்கும்போது ஒயரைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்துப் பார்க்கத் தோன்றினால் நல்லது.

தொட்டிக்குள் இறங்குவது பற்றிச் சுருக்கமாக. துருவே காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். நிலக்கரியும் மரமும் அப்படித்தான். 20.9 சதவீதம் இருக்க வேண்டிய இடத்தில் ஆக்சிஜன் குறைந்தால் மணமோ நிறமோ காட்டிக்கொடுக்காது, கால் மடங்கிவிடும். இதில் சாகிறவர்களில் பலர், விழுந்தவரைக் காப்பாற்ற ஓடியவர்கள். அன்பு மிகுந்தவர்கள்தான் சாகிறார்கள். அளக்காமல் அனுமதிச் சீட்டில் எண் எழுதாதீர்கள். உள்ளே விழுந்தவர் உங்கள் ரூம்மேட்டாக இருந்தாலும் மூச்சுக் கருவி மாட்டாமல் இறங்காதீர்கள், மணியை அடியுங்கள்.

கடைசியாகப் பெற்றோர்களிடம் பேச வேண்டும். இவ்வளவு நேரம் பொறுமையாக இருந்தீர்கள்.

வேலை வாங்கித் தருவதற்கு உங்கள் பிள்ளையிடம் யாரும் பணம் வாங்கக் கூடாது. சர்வதேசச் சட்டம் அப்படி. லட்சக்கணக்கில் கேட்கிறவர் மேனிங் ஏஜென்ட் அல்ல, தரகர். ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு மத்திய அரசின் கப்பல்துறை இயக்குநரகம் உரிமம் கொடுக்கிறது, அந்த எண்ணைக் கேட்டு இயக்குநரகத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். நகையை அடகு வைத்த பணத்தைத் தரகரிடம் கொடுத்துவிட்டு, பிள்ளை ஏதோ துறைமுகத்துக்கு வெளியே நங்கூரத்தில் நிற்கும் துருப்பிடித்த கப்பலிலிருந்து போன் செய்த வீடுகள் நம் மாவட்டங்களில் உண்டு. 2024-இல் உலகில் 300-க்கும் மேற்பட்ட கப்பல்கள் கைவிடப்பட்டன, சிக்கிய மாலுமிகள் 3,000-க்கும் மேல். நாட்டுக் கணக்கில் அதிகம் பேர் இந்தியர்களே.

பிள்ளை ஏறும் முன் ஒப்பந்தத்தின் நகல் ஒன்றை வீட்டில் வாங்கி வையுங்கள். கப்பலின் பெயர் மாறும், கொடி மாறும், அதன் ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண் மாறாது. அதைக் காலண்டரிலாவது எழுதி வையுங்கள். ஏறியதும், கப்பலில் ஒட்டியிருக்கும் காப்பீட்டுச் சான்றிதழைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கப்பல் கைவிடப்பட்டால் நாலு மாதம்வரையிலான சம்பள பாக்கியும் ஊர் திரும்பும் செலவும் அதிலிருந்துதான் வரும். பிறகு மாதாமாதம் ‘சாப்பிட்டியா’ என்று கேட்பதோடு ‘சம்பளம் ஏறிச்சா’ என்றும் கேளுங்கள். பேராசை என்று அவன் நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும், அவள் சிரித்தால் சிரிக்கட்டும். ஒரு மாதம் தாமதமானால் பொறுக்கலாம். இரண்டு மாதம் வராவிட்டால் சட்டப்படி அது கைவிடப்பட்டதாகவே கணக்கு. மூன்றாவது மாதத்துக்குக் காத்திருக்காதீர்கள். கம்பெனி ‘அடுத்த வாரம்’ என்று சொன்னாலும், இயக்குநரகத்துக்கும் தொழிற்சங்கத்துக்கும் அன்றைக்கே எழுதுங்கள், எழுதியதற்கு ஒப்புகை வாங்குங்கள்.