ரேடியோ நெல் சொல்லும் பாடம்

(குறுவள மையக் கூட்டத்தில் கருத்தாளர்களிடையே ஆற்றிய உரை)



ஆசிரியர்களுக்குத் தொலைவிலிருந்து பயிற்சி தர எந்த முறை ஏற்றது என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். 2020இல் பள்ளிகள் மூடியிருந்தபோது இணையவழிப் பயிற்சி ஒன்றில் சேர்ந்தேன். கைப்பேசியில் காணொலியை ஓடவிட்டுவிட்டு அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கடைசியில் வந்த வினாக்களுக்கு ஊகித்து விடையளித்தேன். சான்றிதழ் வந்துவிட்டது. 2021 நவம்பரில் பள்ளி திறந்தபோது, நான்காம் வகுப்பில் ஒரு சிறுமி எழுத்துக்கூட்டத் தெரியாமல் புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளைப் போன்ற குழந்தைக்கு எங்கிருந்து தொடங்குவது என்பதுதான் அந்தப் பயிற்சியின் பாடம். எனக்கு ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை.

கவனிக்காதது என் குற்றம். ஆனால், அந்த முறையிலும் ஒரு குறை இருந்தது. அதை எனக்குப் புரியவைத்தது நம் டெல்டாவின் பழைய கதை ஒன்று.

1960களின் நடுவில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 'ஆடுதுறை 27' என்ற குறுவை ரகத்தைத் தந்தது. ஜப்பானிய ரகமும் நம் ரகமும் கலந்து பிறந்தது. ஏறத்தாழ 105 நாளில் அறுவடைக்கு வரும். திருச்சி வானொலி இதைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேசியது. ஆராய்ச்சி நிலையம் வைத்த பெயர் உழவர் வாயில் நிற்கவில்லை. 'ரேடியோ நெல்' என்றே கேட்டு வாங்கினார்கள்.

என் அப்பாவும் பஞ்சாயத்து ரேடியோ முன் உட்கார்ந்து கேட்டவர்தான். அவர் சொல்வார்: "ரேடியோ பேரச் சொல்லுச்சும்மா. நடவு கத்துக்கிட்டது வரப்புல நின்னுதான்." விதையின் பெயர், விதைக்கும் பருவம், உரத்தின் அளவு ஆகியவற்றை வானொலி சொன்னது. நாற்றை எவ்வளவு ஆழத்தில் வைப்பது, ஒரு குத்துக்கு எத்தனை நாற்று என்பதெல்லாம் கை பழக வேண்டியவை. அதற்குக் கிராம சேவக் வயலுக்கு வந்தார். அப்போது தஞ்சை மாவட்டத்தில் நடந்த தீவிர வேளாண்மைத் திட்டத்தில் செயல்விளக்க வயலும் இருந்தது. விதைக்கும் உரத்துக்கும் கூட்டுறவுக் கடனும் கிடைத்தது.

இதற்கு முன்பே, 1956இல், யுனெஸ்கோ உதவியோடு புனே வானொலி 150 கிராமங்களில் ஒரு சோதனை நடத்தியது. ஊருக்கு இருபது பேர் போலக் கூடி நிகழ்ச்சியைக் கேட்டார்கள். முடிந்ததும் அதைப் பற்றிப் பேசினார்கள். சந்தேகங்களை நிலையத்துக்கு எழுதினார்கள். ரேடியோ மட்டும் இருந்து, இப்படிக் கூடிப் பேசாத ஊர்களைவிட இவர்கள் கற்றது மிக அதிகம் என்று ஆய்வில் தெரிந்தது.

இந்த இரண்டையும் வைத்து, பயிற்சி முறையைத் தேர்வதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்கலாம் என்று நினைக்கிறேன்.

ஒன்று, கற்க வேண்டியது செய்தியா, செய்கையா? புதிய சுற்றறிக்கை, செயலியில் பதிவிடும் முறை போன்றவற்றுக்குக் காணொலி போதும். வேண்டிய இடத்தில் நிறுத்தி மறுபடி பார்க்கலாம். எழுத்தொலியைப் பழக்குவதும், பல வகுப்புகளைச் சேர்த்து வைத்து நடத்துவதும் செய்கை. செய்து காட்ட ஒருவரும், பார்த்துத் திருத்த ஒருவரும் நேரில் வேண்டும்.

இரண்டு, எந்த நேரத்தில் போய்ச் சேரும்? வானொலி உழவரிடம் பேசியது, அவர் வயலிலிருந்து திரும்பிய மாலையில். ஈராசிரியர் பள்ளிக்குக் காலை பதினொரு மணிக்கு நேரலை வைத்தால் வகுப்பை யார் பார்ப்பது? சிக்னல் கிடைக்காத ஊருக்குப் பதிவு செய்த பாடத்தை முன்கூட்டியே கொடுத்துவிடலாம்.

மூன்று, பார்த்த பிறகு யாரிடம் பேசுவது? பதில் சொல்ல ஆளில்லாத பயிற்சி, தண்ணீர் வராத வாய்க்கால் மாதிரி. வெட்டிய கணக்கு மட்டும்தான் இருக்கும்.

அந்தச் சிறுமிக்காக, பக்கத்துப் பள்ளி ஆசிரியைகள் இருவரோடு சேர்ந்து அதே பாடத்தை ஒரு சனிக்கிழமை மறுபடி பார்த்தேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தினோம். ஒருவர் ஆசிரியராக, மற்ற இருவரும் குழந்தைகளாக நடித்துப் பார்த்தோம். மறுவாரம் குழந்தைகளின் நோட்டுகளோடு கூடினோம். எங்கே தடுக்கியது என்று அப்போதுதான் தெரிந்தது. கோடை விடுமுறைக்கு முன் அவள் பேருந்தின் பெயர்ப்பலகையைத் தானே வாசித்தாள். பத்தியை வாசிக்க மேலும் பல மாதங்கள் பிடித்தன.

கருத்தாளர்களாகிய உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த பயிற்சிக்குத் திட்டமிடும்போது, அது முடிந்த இரண்டாம் வாரத்தில் மூன்று நான்கு பள்ளிகள் சேர்ந்து கூட ஒரு மணி நேரத்தை இப்போதே ஒதுக்கி வையுங்கள். அங்கே வகுப்பில் செய்து பார்த்தவர் எத்தனை பேர் என்று கேளுங்கள். சான்றிதழ் பெற்றவர் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.