ஊர்ப் பள்ளியும் ஆட்சியாளரும்



புதுவை நகரிலிருந்து திண்டிவனம் நோக்கிச் செல்லும் சாலையில், நகரின் வடமேற்கு ஓரத்தில் இருப்பது கோரிமேடு. இன்று இவ்வூர் மருத்துவக் கல்வியால் நாடறிந்த ஊராகியிருக்கிறது. 1823ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் புதுவையில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழித்தோன்றலே, 1964 முதல் கோரிமேட்டில் ஜிப்மர் என்ற பெயரோடு விளங்கும் பெருநிலையம். அதற்கு அப்பால் சிறிது தூரம் சென்றால் புதுவையின் எல்லை முடிந்து தமிழ்நாட்டின் எல்லை தொடங்குகிறது.

1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரையில் அது இரண்டு ஆட்சிகளின் எல்லையாக இருந்தது. தெற்கே பிரெஞ்சு ஆட்சி. வடக்கே, 1947 வரை பிரிட்டிஷ் ஆட்சி, அதன்பின் சுதந்திர இந்தியாவின் ஆட்சி. இருபுறத்திலும் ஒரே தமிழ், ஒரே உழவுத்தொழில், ஒரே விதமான குடிசைகள். ஆயினும், ஓர் உழவன் மகனுக்கு எந்தப் பள்ளி கிடைக்கும், அப்பள்ளியில் யார் யார் அருகருகே அமரலாம் என்பனவற்றை எல்லைக்கு இப்பால் ஓர் அதிகாரியும், அப்பால் மற்றோர் அதிகாரியும் தீர்மானித்தனர். ஊர்ப் பள்ளியின் வரலாற்றில் இத்தகைய ஆட்சியாளர் சிலர் செய்த பணி யாது, அவற்றுள் நிலைத்தது எது, நிலையாமற் போனது எது என்பதை இன்று சிந்திப்போம்.

முதலில் எல்லைக்கு வடக்கே பார்ப்போம். சென்னை மாகாணத்தின் கவர்னராக 1820 முதல் 1827 வரை இருந்தவர் சர் தாமஸ் மன்றோ. ஊர் ஊராகச் சென்று நிலவரியை ஒழுங்குபடுத்திப் பழகியவர் அவர். நிலத்தை அளந்த அதே மனப்பான்மையோடு கல்வியையும் அளந்தறிய விரும்பினார். 1822ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவர் ஒரு குறிப்பு எழுதினார். நாட்டை அளந்து படம் வரைந்திருக்கிறோம், விளைச்சலைக் கணக்கெடுத்திருக்கிறோம், குடிமக்களை எண்ணியிருக்கிறோம். ஆனால் அவர்களுடைய கல்வியின் நிலையை நாம் அறியவில்லை என்பதே அதன் கருத்து. ஒவ்வொரு கலெக்டரும் தம் மாவட்டத்தில் எத்தனை பள்ளிகள் உள்ளன, எவ்வெக் குலத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் படிக்கின்றனர், என்ன நூல்கள் ஓதப்படுகின்றன என்று எழுதியனுப்பவேண்டுமென்று ஆணை பிறந்தது.

கணக்குகள் வந்து சேரச் சில ஆண்டுகள் ஆயின. 1826ஆம் ஆண்டில் மன்றோ அவற்றைத் தொகுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ 1,28,50,000 மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி! கோரிமேட்டுக்கு அப்பால் விரியும் பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்தில் மட்டும் 875 பள்ளிகள். இவை அரசாங்கம் கட்டியவையல்ல. திண்ணையிலும் மரநிழலிலும் கோயில் மண்டபத்திலும், ஊரார் கொடுத்த நெல்லையும் காசையும் கொண்டு ஆசிரியர் நடத்தியவை. மணலில் எழுத்தும், ஓலையில் பாடமும், வாய்ப்பாடாகக் கணக்கும் அங்கே கற்பிக்கப்பட்டன. ஐந்து முதல் பத்து வயது வரையுள்ள ஆண்பிள்ளைகளில், வீட்டிலே கற்பவரையும் சேர்த்தால், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஏதோவொரு கல்வி பெறுகின்றனர் என்று மன்றோ மதிப்பிட்டார். பெண்பிள்ளைகளின் எண்ணிக்கையோ மிகமிகச் சொற்பம்.

அக்காலத்து ஊர்கள் கல்வியறிவே இல்லாதவை என்று எண்ணுவோர்க்கு இக்கணக்கு தக்க மறுமொழி. எல்லோரும் கற்றிருந்த பொற்காலம் அது என்று எண்ணுவோர்க்கும் இதுவே மறுமொழி. கல்வி தாழ்ந்திருப்பதற்கு மக்களின் வறுமையும், அரசாங்கத்தின் ஆதரவின்மையும் காரணம் என்று மன்றோ எழுதினார்.

நோயைக் கண்ட அவர் மருந்தும் கூறினார். ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும் இரண்டு பள்ளிகள், ஒவ்வொரு தாசில்தார் வட்டத்திலும் ஒரு பள்ளி. மாவட்டப் பள்ளி ஆசிரியருக்குத் திங்கள்தோறும் 15 ரூபாய், வட்டப் பள்ளி ஆசிரியருக்கு 9 ரூபாய். இவையே அவருடைய திட்டம். ஆனால் 1827ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், பத்திகொண்டா என்னுமிடத்தில் வாந்திபேதி கண்டு மன்றோ மாண்டார். திட்டமிட்ட பள்ளிகளில் ஒரு பகுதியே திறக்கப்பெற்றன. ஆங்கிலக் கல்விக்கே அரசாங்கப் பணம் என்ற கொள்கை 1835இல் உருவானதும், மறு ஆண்டே தாசில்தார் பள்ளிகள் மூடப்பட்டன.

ஏன் அவை நிலைக்கவில்லை? திட்டத்தை வகுத்தவர் இறந்துவிட்டார் என்பது ஒரு காரணம். ஆங்கிலத்துக்கு ஆதரவு பெருகியது என்பது மற்றொரு காரணம். இவற்றுக்கும் மேலாக ஒன்றை நான் கருதுகிறேன். பன்னீராயிரம் பள்ளிகளை ஊரார் தாமே நடத்திவந்தனர். அவர்களை எண்ணிப்பார்த்த அரசாங்கம், அவர்களைக் கலந்துகொள்ளவில்லை. புதிய பள்ளி தாசில்தாரின் பள்ளியாயிற்று, ஊரின் பள்ளியாகவில்லை. ஆகவே, அது மூடப்பட்ட நாளில் அதற்காக வாதாட ஊரார் முன்வரவில்லை.

இதே காலத்தை ஒட்டிக் கடல்கடந்த நாடொன்றில் நிகழ்ந்ததை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன்தரும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கல்விக் குழுவின் செயலாளராக 1837இல் ஹொரேஸ் மன் என்னும் வழக்கறிஞர் அமர்ந்தார். எந்தப் பள்ளியையும் திறக்கவோ மூடவோ அவருக்கு அதிகாரமில்லை. அவரால் செய்யக்கூடியவை இரண்டே: ஊர்தோறும் சென்று பள்ளிகளைப் பார்ப்பது, பார்த்ததை ஆண்டுதோறும் அறிக்கையாக எழுதுவது. பன்னிரண்டு ஆண்டுகளில் பன்னிரண்டு அறிக்கைகள் எழுதினார். பள்ளிக் கட்டடத்தின் இழிநிலையையும் ஆசிரியரின் பயிற்சிக் குறைவையும் அவர் எடுத்துரைத்தபோது, வரி செலுத்தும் மக்களே தங்கள் ஊர்ப் பள்ளிக்காக வெட்கப்பட்டனர். பின்னர் அதற்காகச் செலவிட்டனர். கட்டளையிட முடியாதவர், மக்கள் மனத்தை மாற்றிக் காரியத்தைச் சாதித்தார்.

இனி எல்லைக்குத் தெற்கே வருவோம். 1826 முதல் 1828 வரை புதுவையின் கவர்னராக இருந்தவர் தெபசான் தெ ரிஷ்மோன். மன்றோ தம் கணக்கைத் தொகுத்த அதே 1826ஆம் ஆண்டில் இவர் புதுவையில் அரசுக் கல்லூரியொன்றை நிறுவினார். மறு ஆண்டில் பொது நூலகம் ஒன்றும் தோன்றியது. அந்நூலகமே ரொமேன் ரோலந்து நூலகம் என்ற பெயரால் பின்னர்ப் புகழ்பெற்றது. ஆயினும், நகரில் கல்லூரியும் நூலகமும் தோன்றியதாலேயே உழவர்கரைக் குடியானவனின் மகன் அங்கே நுழைந்துவிட முடியவில்லை. பள்ளி வாயிலில் குலவேறுபாடு காவல் நின்ற காலம் அது.

அவ்வாயிலை மேலும் சற்று அகலத் திறந்தவர்களுள் ஒருவர் பதவியில் இருந்தவரல்லர், கொடையாளர். கலவை சுப்பராயச் செட்டியார் என்பது அவர் பெயர். அவருடைய கொடையால் 1877இல் எழுந்த கலவைக் கல்லூரி, இன்றும் மிஷன் வீதியில் அரசுப் பள்ளியாக நிற்கிறது. பின்னாளில் பாவேந்தர் என்று தமிழ்நாடு போற்றிய கனக. சுப்புரத்தினம் அங்கே தமிழ் பயின்றார். பயின்றவர் 1909ஆம் ஆண்டில் காரைக்கால் பகுதியைச் சேர்ந்த நிரவியில் ஆசிரியராக அமர்ந்து, 37 ஆண்டுகள் ஊர்ப் பள்ளிகளில் பணியாற்றி, 1946இல் ஓய்வு பெற்றார். ஒருவர் கட்டிய கல்விச்சாலை, இன்னொருவர் வழியாகச் சிற்றூர்ச் சிறுவனின் நாவில் தமிழாகச் சென்று சேர்ந்தது. கல்வியில் இடும் முதல் இவ்வாறுதான் வட்டி தருகிறது. ஆனால் அந்த வட்டி வந்துசேர ஒரு தலைமுறை ஆகிறது.

பிரெஞ்சு நிர்வாகம் செய்த மற்றொன்றும் குறிப்பிடத்தக்கது. 1930ஆம் ஆண்டில் புதுவைப் பள்ளிகளில் மதிய உணவு வழங்கும் முறையை அது மேற்கொண்டது. அதற்குப் பத்தாண்டு முன்னரே, 1920இல், சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த சர் பிட்டி தியாகராயர் ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியொன்றில் சிற்றுண்டி வழங்க ஏற்பாடு செய்தார். ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாத செலவு என்பது அன்றைய தீர்மானம். பசித்த வயிற்றோடு வந்த பிள்ளையின் காதில் பாடம் ஏறாது என்பதை எல்லையின் இருபுறத்து ஆட்சியாளரும் உணர்ந்திருந்தனர். ஆயினும், நகரத்தில் ஓரிடத்தில் செய்வது வேறு. நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் செய்வது வேறு.

அந்தப் பெரும்பணியைத் தலைமேற்கொண்டவர் நெ. து. சுந்தரவடிவேலு. காஞ்சிபுரம் பகுதியைச் சேர்ந்த நெய்யாடுபாக்கம் என்னும் சிற்றூரில் 1912இல் பிறந்தவர். காமராசர் முதலமைச்சரான 1954ஆம் ஆண்டிலேயே இவரும் சென்னை மாநிலத்தின் பொதுக்கல்வி இயக்குநரானார். சிற்றூர்ப் பிள்ளைக்கு ஒரு மைலுக்குள் ஒரு பள்ளி வேண்டும் என்பது அரசின் நோக்கமாயிற்று. பள்ளிகள் பெருகின. ஆனால் பள்ளி திறந்தும் பிள்ளைகள் வரவில்லை. மாடு மேய்க்கும் சிறுவனுக்கு மாட்டுக்காரர் வீட்டில் ஒருவேளைக் கூழ் கிடைத்தது; பள்ளிக்கூடத்தில் என்ன கிடைக்கும்?

இதற்கு விடையாக வந்ததே மதிய உணவுத் திட்டம். அது முதலில் அரசாங்கச் செலவில் தொடங்கவில்லை என்பதை நீங்கள் கருதிப் பார்க்கவேண்டும். பள்ளித் துணை ஆய்வாளர்களும் ஆசிரியர்களும் ஊர்ப் பெரியோரை அணுகி, உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நீங்களே சோறிடுங்கள் என்று வேண்டினர். ஒரு வீட்டார் அரிசி தந்தனர்; ஒரு வீட்டார் விறகு தந்தனர்; அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் நெல் அளந்தனர். 1956ஆம் ஆண்டில், பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் காமராசர் இத்திட்டத்தைத் தொடங்கிவைத்தார். மறு ஆண்டில்தான் அரசாங்கம் பங்கு கொடுக்க முன்வந்தது. ஒரு வேளை உணவுக்குப் பத்துக் காசு என்று கணக்கிட்டு, அரசாங்கம் ஆறு காசு, ஊரார் நான்கு காசு என்று வகுத்தனர்.

அந்த நான்கு காசு மிகச் சிறிய தொகை. ஆயினும் அதன் மதிப்பு பெரிது. நான்கு காசு தந்தவன் மறுநாள் பள்ளிக்கு வந்து, சோறு வெந்ததா என்று பார்ப்பான். பார்க்க வந்தவன், கூரை ஒழுகுவதையும் காண்பான். பலகை உடைந்திருப்பதையும் காண்பான். அவ்வாறு கண்டவர்களை ஒன்றுகூட்டியதே பள்ளிச் சீரமைப்பு மாநாடு. செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் 1958இல் தொடங்கி, மாநிலமெங்கும் இம்மாநாடுகள் நடைபெற்றன. ஒவ்வொரு பள்ளிக்கும் என்னென்ன வேண்டும் என்று முன்கூட்டியே பட்டியல் எழுதப்பட்டது. கட்டடம், நிலம், கிணறு, மேசை, நாற்காலி, கடிகாரம், வானொலிப் பெட்டி, பிள்ளைகளுக்குச் சீருடை என்று ஊரார் மேடையேறிப் பொறுப்பேற்றனர். இவ்வாறு வந்துசேர்ந்தவற்றின் மதிப்பு பல கோடி ரூபாய்.

அதற்கு முன்பு ஆய்வாளர் வருகிறார் என்றால் பள்ளிக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள், பதிவேட்டைத் திருத்தி வைப்பார்கள், பிள்ளைகளை நடுங்கவைப்பார்கள். அவர் போனபின் பள்ளி பழையபடி ஆகும். சுந்தரவடிவேலு அந்த ஆய்வாளரையே ஊராரிடம் கைகூப்பிக் கேட்பவராக மாற்றினார். அதிகாரம் வணங்கிக் கேட்டபோது, ஏழை ஊர்களும் கொடுத்தன. இதுவே அவருடைய நிர்வாகத்தின் சாரம் என்று கொள்ளலாம். பிற்காலத்தில் அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் விளங்கி, 1993இல் மறைந்தார். தம் அனுபவங்களை ‘நினைவு அலைகள்’ என்னும் நூலில் எழுதிவைத்திருக்கிறார். நிர்வாகத்தைப் பயில விரும்பும் மாணவர் அதனைப் படிக்கவேண்டும்.

இம்முறையில் குறையே இல்லை என்று கூறுவதற்கில்லை. செல்வர் மிகுந்த ஊரில் உணவு தவறாது நடந்தது. பஞ்சம் கண்ட ஊரில் நான்கு காசும் திரளவில்லை. மிக ஏழையான ஊருக்கே உணவு மிகுதியும் தேவை. அங்கேதான் நன்கொடையும் அரிது. ஊராரின் ஈகையை மட்டும் நம்பினால் இந்த இடர்ப்பாடு தீராது. எனவேதான் 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அரசாங்கமே முழுப்பொறுப்பையும் ஏற்ற சத்துணவுத் திட்டம் வந்தது. 2022இல் தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் தொடங்கப்பெற்றது. அரசு தன் கடமையை ஏற்பது முறையே. ஆனால் பொறுப்பு முழுவதும் அரசுக்கு மாறியபோது, பள்ளி நம்முடையது என்ற எண்ணம் ஊராரிடம் குறையாமல் காப்பது ஒரு புதிய கடமையாகிவிட்டது.

நண்பர்களே, உங்களுள் சிலர் நாளை ஆட்சியராகலாம்; கல்வி அலுவலராகலாம்; ஊராட்சித் தலைவராகவும் ஆகலாம். மன்றோவிடமிருந்து, தெரியாததை ஊகிக்காமல் எண்ணிப் பார்க்கும் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். அவருடைய பள்ளிகளின் முடிவிலிருந்து, ஊராரைக் கலவாத திட்டம் வகுத்தவரோடு மடியும் என்பதையும் கற்றுக்கொள்ளுங்கள். சுந்தரவடிவேலுவிடமிருந்து, கேட்பதற்குக் கூசாத பணிவைக் கற்றுக்கொள்ளுங்கள்.

கோரிமேட்டில் இன்று மருத்துவம் கற்கும் இளைஞர் பலருடைய பாட்டன் பாட்டிமார் எழுத்தறியாதவர்களாக இருந்திருப்பர். அப்பாட்டன் வீட்டிலிருந்து இக்கல்லூரி வரையுள்ள வழியில் முதற்படி, ஒரு சிற்றூர்ப் பள்ளி. அந்தப் படி சிதையாமல் இருக்கிறதா என்று, நீங்கள் உங்கள் ஊருக்குச் செல்லும் விடுமுறை நாளில் ஒருமுறை சென்று பாருங்கள். அங்கே குறை இருப்பின், அதிகாரிக்கு எழுதுங்கள். அதோடு நில்லாமல், ஊராரிடமும் பேசுங்கள்.